தெற்குத் தெரு வேகத்தடை

தெற்குத் தெருவில் ஊராட்சி மன்றம் போட்ட வேகத்தடை, போட்ட மூன்றாவது வாரத்தில் வளர ஆரம்பித்தது. அதை முதலில் கண்டுபிடித்தவர் சைக்கிளில் ரொட்டி விற்பவர். திங்கட்கிழமை மிதித்துக்கொண்டே ஏறி இறங்கியவர், வெள்ளிக்கிழமை சைக்கிளை விட்டு இறங்கித் தள்ள வேண்டியதாயிற்று. தனக்குத்தான் வயதாகிவிட்டது என்று எண்ணி டாக்டரிடம் போனார். டாக்டரும் முகத்தைப் பார்த்துவிட்டு ஆமாம் என்று சொல்லி சத்து மாத்திரை எழுதிக் கொடுத்தார். மாத்திரை தீர்வதற்குள் வேகத்தடை முழங்கால் உயரத்துக்கு வந்துவிட்டது. மருந்து வேலை செய்யவில்லை என்று ரொட்டிக்காரர் சண்டைக்குப் போனபோதுதான் டாக்டர் நாற்காலியிலிருந்து எழுந்து வந்து தெருவை எட்டிப் பார்த்தார்.

விஷயம் மன்றத்துக்கு வந்தபோது உறுப்பினர்களுக்கு ஏற்பட்டது பயமல்ல, பெருமை. அந்த மன்றம் கட்டிய எதுவும் அதுவரை வளர்ந்ததில்லை. சாலை போட்ட அன்றைக்கே தேயத் தொடங்கும். சாக்கடை மூடி ஒரு மழைக்குள் பாதியாகும். தெருவிளக்கு மங்கி மங்கி, கடைசியில் அது எரிகிறதா என்று பார்க்க டார்ச் அடிக்க வேண்டியிருக்கும். இப்படிப்பட்ட வரலாறு கொண்ட மன்றத்தின் வேலை ஒன்று தானாகவே பெரிதாகிறது என்றால், அதை எந்த வாயால் குறை சொல்வது? எழுத்தர் வழக்கம்போல "ஆகட்டும்" என்றார். எதைச் சொன்னாலும் அவர் ஆகட்டும் என்றுதான் சொல்வார். ஊரில் அவருக்குப் பெயரும் அதுதான். மனு கொடுக்க வருகிறவர்கள் ஆகட்டும் இருக்காரா என்று கேட்டுக்கொண்டுதான் உள்ளே நுழைவார்கள்.

தலைவி மட்டும் பெருமைப்படவில்லை. அந்த வேகத்தடை ஏன் போடப்பட்டது என்பது அவளுக்குத் தெரியும்.

அவளுக்குத் தொழில் மாவு மில். தெற்குத் தெருவின் மேல்பாதியில், தெரு நடுவை ஒட்டி மில் இருந்தது. மெஷின் சத்தத்துக்கு மேலே பேசிப் பேசி அவளுடைய குரல் ஒரே அளவில் நின்றுவிட்டது. ரகசியம் சொன்னால் எதிர் வரிசையில் பாத்திரம் தேய்க்கிறவள் "அப்படியா?" என்பாள். தலைமுடியில் எப்போதும் மாவு படிந்திருக்கும். அதில் நரை எவ்வளவு, மாவு எவ்வளவு என்று கட்டிய கணவருக்கே தெரியாது. அவர் பெல்ட் மாட்டுவார், எண்ணெய் விடுவார், மூட்டை தூக்குவார். பேசுவது மட்டும் கிடையாது. வீட்டில் ஒரு குரல் இருந்தால் போதும் என்று கல்யாணமான புதிதிலேயே முடிவு செய்துவிட்ட மனிதர்.

அவள் தலைவியானதே ஒரு கணக்குப் பிசகால்தான். சிமென்ட் கடைக்காரரும் மருந்துக் கடைக்காரரும் எதிரும் புதிருமாக நின்ற தேர்தல் அது. மற்றவருடைய ஓட்டைப் பிரிக்க வேண்டும் என்று இரண்டு பேருமே, ஒருவருக்கொருவர் தெரியாமல், அவளிடம் வந்து கெஞ்சி நிற்க வைத்தார்கள். இரண்டு பேரும் தங்கள் ஆட்களிடம், கொஞ்சம் ஓட்டை மில்லுக்காரிக்குத் தள்ளுங்கள், அப்போதுதான் பார்க்க நம்பும்படியாக இருக்கும் என்று காதோடு சொன்னார்கள். இரண்டு பேருமே சற்று அதிகமாகக் கெட்டிக்காரர்களாக இருந்துவிட்டார்கள். ஜெயித்த செய்தி வந்தபோது அவள் சோளம் அரைத்துக்கொண்டிருந்தாள். "யாரு ஜெயிச்சா என்ன, வரிசையில நில்லுங்க" என்று செய்தி கொண்டுவந்தவரை அதட்டினாள்.

ஆனால் உட்கார்ந்த பிறகு ஒழுங்காகத்தான் உட்கார்ந்தாள். மன்றக் கூடம் என்பது கால் ஒடிந்த நாற்காலியும் கால் ஒடியப்போகும் நாற்காலியும் கொண்ட ஒரு நீள அறை. மின்விசிறி ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு முறை 'டொக்' என்று கொட்டும்; உறுப்பினர்கள் அந்தத் தாளத்திலேயே கொட்டாவி விடப் பழகியிருந்தார்கள். அங்கே உட்கார்ந்து அவள் பள்ளிக்கூடத்துக் கழிப்பறைக்குக் கதவு வாங்கிக் கொடுத்தாள். தெருநாய்களுக்கு ஊசி போட ஏற்பாடு செய்தாள். மேல்பாதிக்கும் கீழ்பாதிக்கும் தண்ணீர் விடும் நேரத்தில் இருந்த பழைய தகராறைத் தீர்த்தாள். அதாவது இரண்டு பக்கமும் சமமாகத் திட்டும்படி செய்தாள். சிமென்ட் கடைக்காரர் உறுப்பினராக எதிரே உட்கார்ந்துகொண்டு எல்லாவற்றையும் எதிர்ப்பார். எதிர்த்த வேலைக்கும் சிமென்ட் அவர் கடையிலிருந்துதான் போகும்.

வேகத்தடைதான் அவள் நேர்மையில் விழுந்த ஒரே கறை.

தெருவின் கீழ்பாதியில், சந்தைக்கும் ஆஸ்பத்திரிக்கும் போகிற பக்கம், அவளுடைய அக்கா இருந்தாள். கோழி வளர்த்து முட்டை விற்பவள். அக்காவும் தங்கையும் பேசிப் பல வருஷமாகியிருந்தது. அவர்களுடைய அம்மா ஒன்பது வருஷம் தங்கை வீட்டில் இருந்தவள். மில் சத்தத்தில் காது மந்தமாகிப்போய், அதையே ஒரு வசதியாக எடுத்துக்கொண்டு, தனக்குப் பிடித்ததை மட்டும் கேட்டுக்கொண்டு சௌக்கியமாக இருந்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை, பெரியவளோடு ஒரு வாரம் இருந்துவிட்டு வருகிறேன் என்று துணிப்பையோடு கிளம்பினாள். சனிக்கிழமை மத்தியானம் அங்கேயே கண்ணை மூடிவிட்டாள். கூடியிருந்த கூட்டத்துக்கு நடுவில், அந்த மில் குரலில், தங்கை சொன்னது இது:

"எங்கிட்ட ஒம்போது வருஷம் நல்லா இருந்தவ, உங்கிட்ட ஒரு வாரம் தாங்கலியே!"

மில் குரல் என்பதால் கூட்டத்தில் கேட்காதவர் யாரும் இல்லை. சந்தையில் தராசு பிடித்துக்கொண்டிருந்தவர்களுக்குக்கூடக் கேட்டதாகச் சொல்வார்கள். அக்கா பதில் சொல்லவில்லை. அதற்குப் பிறகு எதற்குமே பதில் சொல்லவில்லை. அவளுக்காகப் பதில் சொல்லும் வேலையை அக்காவின் கணவர் எடுத்துக்கொண்டார். அவர் வேன் ஓட்டுபவர், ஊர் வைத்த பெயர் புயல். மற்ற தெருக்களில் சாதாரணமாகத்தான் ஓட்டுவார். மில் வாசலுக்கு வந்ததும் ஆக்சிலேட்டரை முழுவதும் அழுத்தி, ஹாரனில் கையை வைத்தபடி பறப்பார். கிளம்புகிற புழுதி முழுவதும் நேராக மாவுக்குள் போகும். காலை ஒரு முறை, மாலை ஒரு முறை, வருஷக்கணக்காக. அவர் வழியாக அக்கா பேசுகிறாள் என்று தங்கைக்குத் தெரியும். மாவைச் சலித்துக்கொண்டே அந்தப் பேச்சைக் கேட்டுக்கொள்வாள்.

தலைவியான பிறகு ஒரு நாள், பள்ளிக்கூடப் பிள்ளைகளின் பாதுகாப்பு கருதி என்று சொல்லி, தெருவுக்கு நடுவில் வேகத்தடை போடத் தீர்மானம் கொண்டுவந்தாள். பள்ளிக்கூடம் இருப்பது தெருவின் மேல் கோடியில், வேகத்தடை வரப்போவது நடுவில், இரண்டுக்கும் என்ன சம்பந்தம் என்று எந்த உறுப்பினரும் கேட்கவில்லை. எல்லோருக்கும் சம்பந்தம் தெரியும். சிமென்ட் கடைக்காரர் வாயளவில் எதிர்த்துவிட்டு மூட்டைகளை அனுப்பினார். சிமென்ட் காய்ந்த மறுநாள் புயல் வழக்கம்போல வந்தார், தலை வேன் கூரையில் இடித்தது, ஹாரனிலிருந்து கை எடுபட்டது. மில்லுக்குள் நின்று அதைப் பார்த்த தலைவி அன்றைக்கு மாவைச் சலிக்கவே இல்லை. ரொம்ப நாளைக்கு அப்புறம் சந்தோஷமாக இருந்தாள்.

அந்தச் சந்தோஷம் இருபது நாள்கூட நிற்கவில்லை. வேகத்தடை முழங்காலிலிருந்து இடுப்புக்கு வந்தது, இடுப்பிலிருந்து தோளுக்கு. அதுவரை வண்டி எடுத்தவர்கள் நிறுத்திக்கொண்டார்கள். நடப்பவர்கள் பக்கத்து வீட்டு மதிலைப் பிடித்து ஏறினார்கள். பிறகு அது மதிலையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டது. சிமென்டின் மேல் மண் எங்கிருந்து வந்தது என்று யாருக்கும் தெரியாது, புல் முளைத்தது. பொழுது சாயும் நேரத்தில் ஆடுகள் ஏறி மேய்ந்தன. ஓரத்து வீடுகள் இரண்டும் நோகாமல் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளி உட்கார்ந்தன. தையற்கடைக்காரர், கடை ஒரு பக்கம் சாய்ந்ததில் துணி தானாகவே மெஷினுக்குள் நகர்கிறது, சௌகரியமாக இருக்கிறது என்றார். மழைக்காலம் வந்தபோது மேகம் ஒன்று உச்சியில் மாட்டிக்கொண்டு, காற்று மாறும்வரை அங்கேயே நின்றது.

மன்றம் கையைக் கட்டிக்கொண்டு இருந்துவிடவில்லை. கடப்பாரை ஆட்களை அனுப்பியது. அவர்கள் பகலில் வெட்டியதை அது மறுநாளைக்குள் திரும்பப் போட்டுக்கொண்டது. பெரிய மெஷின் வந்து முட்டிப் பார்த்துவிட்டு, அடியில் மாட்டிக்கொண்டு, சில வாரங்களில் காணாமலே போனது. மேலிடத்திலிருந்து ஒரு பொறியாளர் வந்தார். டேப்பை எடுத்தார், அண்ணாந்து பார்த்தார், டேப்பைச் சுருட்டினார்.

"வேகத்தடைன்னா நாலு அங்குல உயரம். இது வேகத்தடை இல்ல."

"பின்ன என்ன சார் இது?" என்றாள் தலைவி.

"எதுவா வேணா இருக்கட்டும். எங்க டிபார்ட்மென்ட் இல்ல."

வனத்துறையைக் கேட்டார்கள். மரம் வளர்ந்தால் சொல்லி அனுப்புங்கள் என்றார்கள். கனிமத்துறை, உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்டது. சிமென்ட் என்றதும் ஃபோனை வைத்துவிட்டது. "ஆகட்டும்" என்றார் எழுத்தர்.

இதற்குள் ஊர் இரண்டாகியிருந்தது. சந்தையும் ஆஸ்பத்திரியும் பஸ் நிற்கும் இடமும் கீழே. பள்ளிக்கூடமும் மில்லும் மன்றமும் மேலே. சுற்றிப் போவதென்றால் வயல் வரப்புகளில் அரைநாள் நடக்க வேண்டும். கீழ்பாதி ஜனங்கள் மில்லுக்கு வருவதை நிறுத்தினார்கள். மெஷின் பாதி நாள் சும்மா நின்றது. கணவர் எண்ணெய் விட்ட இடத்திலேயே திரும்பத் திரும்ப எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். கீழே புயலின் வேனுக்கு ஓட இடமில்லை. வீட்டுக்கும் சந்தைக்கும் நடுவில் முதல் கியரிலேயே போய் வந்து, அவர் பத்து கிலோ எடை கூடியதாகக் கேள்வி. வேகத்தடைக்குத் 'தலைவி மலை' என்று பெயர் வைத்ததும் கீழ்பாதிதான். அவள் காதில் விழட்டும் என்று மலை மேல் ஏறி நின்று சத்தமாகவே சொன்னார்கள். ஆனால் உச்சியில் நின்று சொன்னது மில்லுக்கு வந்து சேரும்போது திட்டு போல இல்லை. யாரோ யோசித்து யோசித்துச் சொல்வது போல இருந்தது.

அதற்குக் காரணம் இருந்தது. மில்லுக்குப் பின்வீட்டுப் பெண்ணுக்கு ஒரு நாள் காலையில் பிரசவ வலி எடுத்தது. ஆஸ்பத்திரி அந்தப் பக்கம். நாற்காலியில் உட்காரவைத்து நான்கு பேர் தூக்கிக்கொண்டு ஏறினார்கள். பாதி வழியில் குழந்தை வந்துவிடும் போலிருந்தது. கூட வந்த மாமியார் முந்தானையை விரித்துப் பிடித்துக்கொண்டே ஏறினாள். உச்சியை எட்டியதும் எல்லாம் நிதானமாகிவிட்டது. வலி நின்றுவிடவில்லை, மெல்ல வந்தது. ஒரு வலிக்கும் அடுத்த வலிக்கும் நடுவில் தூக்கி வந்தவர்கள் தண்ணீர் குடித்தார்கள், ஒருவர் சட்டைப் பித்தானைத் தைத்துக்கொண்டார், மாமியார் மருமகளிடம் அதுவரை கேட்காத ஒன்றைக் கேட்டாள்: "பயமா இருக்கா?" கேட்டு முடிக்கவே நேரமாயிற்று. மருமகள் பதில் சொல்லவும் நேரமாயிற்று. பிறகு இறங்கினார்கள். அடிவாரத்தில் கால் பட்டதும் எல்லாம் பழைய வேகத்துக்கு வந்து, புயலின் வேனில், ஆஸ்பத்திரி வாசலில், பெண் குழந்தை பிறந்தது. வேகத்தடை தன் வேலையைத்தான் செய்கிறது என்று டாக்டர் சொன்னார். விக்கல் நிற்காதவர்களையும், கோபத்தில் ரத்த அழுத்தம் ஏறியவர்களையும் மலை ஏறச் சொல்லி எழுதிக் கொடுக்க ஆரம்பித்தார். ரொட்டிக்காரர் பழைய மாத்திரையைத் திருப்பிக் கொண்டுவந்தார்.

இவ்வளவு நடந்தும் தலைவி மட்டும் அந்த மலையில் கால் வைக்கவில்லை. ஊர் வேலை அவ்வளவும் கிடக்கிறது, வேடிக்கை பார்க்க எங்கே நேரம் என்பாள். மேலே நின்றால் முதலில் தெரிவது அக்கா வீட்டு முற்றம். அதுதான் உண்மை.

ஊர் ரெண்டுபட்டதற்கு யாராவது ஜவாப் சொல்ல வேண்டும் என்று சிமென்ட் கடைக்காரர் நம்பிக்கையில்லாத் தீர்மானம் கொண்டுவந்தார். தன் குடும்பச் சண்டைக்கு ஊர்த் தெருவில் சிமென்ட் கொட்டியவள் தலைவியாக இருக்கலாமா என்பது அவர் கேள்வி. மின்விசிறி இரண்டு முறை கொட்டியது, யாரும் கொட்டாவி விடவில்லை. அவர் சொன்னது முழுக்க நிஜம். அடுத்த கூட்டத்தில் ஓட்டெடுப்பு என்று முடிவாயிற்று.

வீட்டுக்கு வந்து அவள் கத்தித் தீர்த்தாள். சிமென்ட் கடைக்காரரின் அப்பன், பாட்டன் வரை போய், அவர்களையும் முடித்துவிட்டு மருந்துக் கடைக்காரரிடம் வந்தபோது, கணவர் எண்ணெய்க் குவளையைக் கீழே வைத்தார்.

"நீதானே போட்ட," என்றார். "நீயே போய்ப் பாரேன்."

அவ்வளவுதான். மறுபடி குவளையை எடுத்துக்கொண்டார். ஆனால் அந்த மனிதர் ஒரே மூச்சில் இரண்டு வாக்கியம் பேசி அவள் பார்த்ததில்லை. வீடே இடிந்து விழப்போகிறதோ என்று ஒரு கணம் உத்தரத்தைப் பார்த்தாள். பிறகு செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினாள்.

வெயில் தணிந்த மாலை. ஏறும்போது கோபம் கூடவே ஏறியது. பாதிக்கு மேல் அதற்கு மூச்சு வாங்கத் தொடங்கியது. உச்சியில் புல்லுக்கு நடுவே ஒரு கோழி உட்கார்ந்திருந்தது. அதைப் பிடிக்க அந்தப் பக்கத்திலிருந்து குனிந்தபடி ஏறி வந்தவள் நிமிர்ந்தபோது, அக்கா.

கோழியையும் அவளையும் கண்டதுமே தலைவி வாயில் ஒரு வார்த்தை தயாராகிவிட்டது. அதை அப்படியே எறிந்தாள். "உன் கோழிக்கு…" என்று தொடங்கியது. மில் சத்தத்தையே அமுக்கிய குரல், தேன் ஒழுகுவது போல வாயைவிட்டு வந்தது. "உன் கோழிக்கு" முடிந்து "வேற" வருவதற்குள் ஒரு காக்கை இறக்கையை ஒரு முறை அடித்து, அடுத்த முறை அடிக்கலாமா என்று யோசித்தது. அந்த இடைவெளியில் அவள் அக்காவைப் பார்த்தாள். முகம் ஒடுங்கிப் போயிருந்தது. முன்பல் ஒன்று இல்லை. எப்போது விழுந்தது, யாரிடம் காட்டினாள்? "வேற… எடம்…" கழுத்து அப்படியே அம்மாவின் கழுத்து. "கெடைக்கலியா?" என்று முடியும்போது அதில் காரம் ஒன்றும் மிச்சமில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டது போல வந்து விழுந்தது.

அக்காவும் உண்மையாகவே பதில் சொன்னாள். "கெடைக்கல. இங்கதான் முட்ட போடுது."

இதற்கே வெயில் சற்று சாய்ந்துவிட்டது. அக்கா கோழியை இடுப்பில் இடுக்கிக்கொண்டாள். இறங்கிப் போய்விடுவாள் என்று தோன்றியது. போகவில்லை. வாயைத் திறந்தாள்.

"அம்மாவை…"

நம் பேச்சில் வினை கடைசியில்தான் வரும். அதுவரைக்கும் எதிரே இருப்பவர் காத்திருக்க வேண்டியதுதான். அந்த "அம்மாவை"க்குப் பிறகு தங்கை காத்திருந்த நேரம் எவ்வளவு என்று கேட்டால், அவள் பிற்பாடு சொன்னாள், அம்மாவைப் பறிகொடுத்த பின் போன எல்லா வருஷமும் அதற்குள் அடங்கும் என்று. அம்மாவைப் பட்டினி போட்டேன் என்பாளோ? அம்மாவை நீதான் துரத்திவிட்டாய் என்பாளோ? எந்த வினை வந்தாலும் தாங்க முடியாது என்று நினைத்தாள். "நான்…" என்றாள் அக்கா. இன்னும் வரவில்லை. கோழி கண்ணை மூடித் திறந்தது.

"…ஒண்ணும் பண்ணலடி."

தங்கை பதில் சொல்ல வாயெடுத்தாள். கீழே என்றால் அந்த இடத்தில் ஒரு பத்து வார்த்தை பாய்ந்து வந்திருக்கும். மேலே ஒன்றுதான் வந்தது, அதுவும் மெல்ல.

"தெரியும்."

"தெரிஞ்சா… ஏன்… சொன்ன?"

"எங்கிட்ட… இல்லாம… போயிட்டாளேன்னு."

அக்கா, தங்கை தலையில் மாவு ஒட்டியிருந்ததைத் தட்டிவிடக் கையை நீட்டினாள். கை வந்து சேர நேரமாயிற்று. தட்டினாள், போகவில்லை. இன்னொரு தரம் தட்டினாள். அது மாவு இல்லை என்று புரிந்ததும் கையை எடுக்காமல் அங்கேயே வைத்துக்கொண்டாள். பிறகு இரண்டு பேரும் அழுதார்கள். மேலே கண்ணீர்கூட அவசரப்படாமல்தான் இறங்கும். தாடைக்கு வந்து சேர்வதற்குள், எதற்காக அழ ஆரம்பித்தோம் என்பதில் இரண்டு பேருக்கும் சந்தேகம் வந்துவிட்டது. பார்க்கச் சகிக்காமல் கோழி இடுப்பிலிருந்து நழுவிப் போயிற்று.

அடுத்த மன்றக் கூட்டத்தை, பிரச்சினை நடந்த இடத்திலேயே நடத்த வேண்டும் என்று சிமென்ட் கடைக்காரர் அடம்பிடித்தார். தலைவியின் அக்கிரமத்தை எல்லோரும் நேரில் பார்க்க வேண்டுமாம். நாற்காலிகளை மேலே தூக்கிச் சென்றார்கள். கால் ஒடியப்போகும் நாற்காலிகள் அங்கே போனதும் ஒடிவதைத் தள்ளிப்போட்டன. காலையில் தொடங்கிய கூட்டத்தில் சிமென்ட் கடைக்காரர் முதலில் எழுந்து "இந்தத் தலைவி… ஊரை…" என்றார். ஏமாற்றிவிட்டாள் என்று முடிக்கத்தான் எழுந்தார்; வீட்டில் கண்ணாடி முன்னால் ஒத்திகை பார்த்திருந்தார். ஆனால் "ஊரை"க்கும் அடுத்த சொல்லுக்கும் நடுவில், மூட்டையில் சிமென்ட் குறைத்து மணல் கூட்டி அனுப்பியது அவருக்கு ஞாபகம் வந்தது. அதற்கு முன் போட்ட சாக்கடை மூடி ஞாபகம் வந்தது. பள்ளிக்கூடச் சுவர் ஞாபகம் வந்தது. எல்லோரும் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள், எல்லோருக்கும் நேரம் இருந்தது. வியர்வையைத் துடைத்துக்கொண்டு, "…கேட்டு முடிவு பண்ணலாம்" என்று முடித்து உட்கார்ந்தார்.

அப்புறம் தலைவி எழுந்தாள். வேகத்தடையை அத்தான் வேனுக்காகத்தான் போட்டேன், தப்பு என்னுடையது என்றாள். அவள் சொன்னதில் புதிதாக எதுவும் இல்லை; ஆனால் அவள் மெல்லப் பேசி யாரும் கேட்டதில்லை, ஆகவே எல்லோரும் புதுச் செய்தி போலக் கேட்டார்கள். குறுக்கே பேச யாராலும் முடியவில்லை. குறுக்கே பேச ஆரம்பித்தவர், வார்த்தை வாயைவிட்டு வருவதற்குள் தான் சொல்ல வந்தது அபத்தம் என்று கண்டு, இருமி மழுப்பினார். பொழுது சாயும் நேரத்தில் மன்றம் ஏகமனதாகத் தீர்மானித்தது: மலை இருக்கட்டும். இரண்டு பக்கமும் படி, கைப்பிடியோடு. பாதி வழியில் ஒரு குடிநீர்க் குழாய். வண்டிகளுக்கு வயல் ஓரமாகச் சுற்றுச்சாலை. உச்சியில் ஒரு பெஞ்சு. எழுத்தர் வாயைத் திறந்து, நெடுநேரம் யோசித்து, வாழ்நாளில் முதல் முறையாக "எப்போ?" என்று கேட்டார்.

இப்படி ஒரு உருப்படியான தீர்மானம் தங்கள் கையால் நிறைவேறியதைக் கண்டு உறுப்பினர்கள் வெலவெலத்துப் போனார்கள். இறங்கி வந்ததும் முதல் வேலையாக, இனிமேல் எந்தக் கூட்டத்தையும் மேலே நடத்துவதில்லை என்று ஒருவருக்கொருவர் சத்தியம் செய்துகொண்டார்கள். அதை இன்றுவரை காப்பாற்றி வருகிறார்கள்.

படி வந்தது, குழாய் வந்தது. சுற்றுச்சாலை வந்து, வழக்கப்படி தேய்ந்து, மறுபடி வந்தது. அடுத்த தேர்தலில் மில்லுக்காரி தோற்றாள். சிமென்ட் கடைக்காரர் ஜெயித்து, அடிவாரத்தில் தன் பெயரைப் பெரிதாக எழுதிப் பலகை வைத்தார். மலை வளர்ந்ததில் ஒரே ஆண்டில் பலகை புல்லுக்குள் போய்விட்டது. பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடத்துக்குத் தாமதமாக வர அரசாங்கம் ஒப்புக்கொண்ட ஒரு காரணம் கிடைத்தது. சண்டை போட விரும்பும் கணவன் மனைவிகள் மேலே போகாமல் கவனமாக வீட்டுக்குள்ளேயே முடித்துக்கொண்டார்கள். கண்டக்டர்கள் "மலை ஸ்டாப்பெல்லாம் எறங்கு" என்று கூவுகிறார்கள். பக்கத்து ஊர்க்காரர்கள் வந்து, எங்களுக்கும் ஒன்று போட்டுத் தர முடியுமா, எந்த விகிதத்தில் கலந்தீர்கள் என்று கேட்டார்கள். சிமென்ட் கடைக்காரர் விகிதத்தைச் சொல்ல மறுத்துவிட்டார். மழைக்காலத்தில் மட்டும் மலை இன்னும் கொஞ்சம் வளர்கிறது. மன்றத்தில் அதைப் பற்றிய பேச்சு கொசுவுக்கும் குப்பைக்கும் நடுவில் வந்து போகும்.

அக்காவும் தங்கையும் வாரம் ஒரு மாலை பெஞ்சில் உட்காருகிறார்கள். அம்மா துணிப்பையோடு வந்த ஞாயிற்றுக்கிழமையிலிருந்து, அந்த ஒரு வாரத்தில் என்னென்ன நடந்தது என்று அக்கா சொல்லிக்கொண்டு வருகிறாள். அம்மா எப்போது எழுந்தாள், எதைச் சாப்பிட்டாள், எதற்குச் சிரித்தாள், மில்லைப் பற்றி என்ன குறை சொன்னாள், எல்லாம். மேலே உட்கார்ந்து சொல்வதால் மெல்லத்தான் போகும். தங்கை அவசரப்படுத்துவதில்லை. கீழே இறங்கிச் சொன்னால் ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடும் என்று ஒரு தடவை புயல் யோசனை சொன்னார். இரண்டு பேரும் அவரை முறைத்த முறைப்பு மெல்ல வந்து சேர்ந்தது, ஆனால் வந்து சேர்ந்தது. போன வாரத்தோடு செவ்வாய்க்கிழமை முடிந்தது. இப்போது புதன்கிழமை காலை. அம்மா பின்வாசல் படியில் உட்கார்ந்து, சீப்பை எடுத்துக்கொண்டு வா, தலை வாரிவிடு என்கிறாள். அக்கா சீப்பைத் தேடிக்கொண்டிருக்கிறாள்.